அந்த 500 மீட்டர்: சாலைக் கணக்கில் சேரி எங்கே?

பட்ஜெட் வந்தால் சாலைக் கணக்கும் கூடவே வரும். இத்தனை கிலோமீட்டர் நான்குவழிச் சாலை, இத்தனை கோடியில் மேம்பாலம், இத்தனை ஊராட்சிச் சாலைகள் தரம் உயர்த்தப்படும் என்று அமைச்சர் படிப்பார். உறுப்பினர்கள் மேசையைத் தட்டுவார்கள். அதற்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது: சாலை வந்தால் தொழில் வரும், தொழில் வந்தால் வேலை வரும், வேலை வந்தால் சாதி தானாகப் போகும். இதை வலதுசாரிகள் மட்டும் சொல்வதில்லை. நம்மோடு நின்று முழக்கம் போடுகிற நண்பர்களில் பலரும் இதையேதான் நம்புகிறார்கள்.

ஊரகச் சாலைகளும் கூலி உழைப்பும் என்பது என் முனைவர் பட்ட ஆய்வின் களம். அந்தப் படிப்பிலிருந்து நான் சொல்ல விரும்புவது இதைத்தான். சாலை ஒரு வட்டாரத்தின் உற்பத்தியை உயர்த்தும். ஆனால் அந்த உயர்வு யார் கையில் சேரும் என்பதைச் சாலை முடிவு செய்வதில்லை. சாலைக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள சில நூறு மீட்டரும், சாலையோரத்து நிலத்தின் பட்டாவும் அதை முடிவு செய்கின்றன. இரண்டையும் சாதி பிடித்து வைத்திருக்கிறது. இதை அளக்காத சாலைக் கணக்கு அரைக் கணக்கு.

சாலை என்ன செய்யும், என்ன செய்யாது

சாலை ஒரு வட்டாரத்தின் பொருளாதாரத்தை உயர்த்தும் விதம் எளிது. பொருளை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக ஆகும் செலவும் நேரமும் குறைகின்றன. தக்காளி அழுகுமுன் சந்தைக்குப் போகிறது. லாரி சொன்ன நாளில் வரும் என்றால், தொழிற்சாலை மாதக்கணக்கில் மூலப்பொருளைக் கிடங்கில் அடுக்கி வைத்துப் பணத்தை முடக்க வேண்டியதில்லை. வேலை தேடுகிறவர் ஒரே முதலாளியை நம்பிக் கிடக்க வேண்டியதில்லை.

இதற்கு ஆதாரங்கள் உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவின் ரயில்பாதைகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் டேவ் டொனால்ட்சன், ரயில் எட்டிய மாவட்டங்களில் உண்மையான வேளாண் வருமானம் ஏறத்தாழ 16 விழுக்காடு கூடியதாகக் கணக்கிட்டார். டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தாவை இணைக்கும் 5,846 கிலோமீட்டர் தங்க நாற்கரச் சாலையை கனி, கோஸ்வாமி, கெர் ஆகிய மூவர் ஆராய்ந்தார்கள். சாலையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருந்த மாவட்டங்களில் ஆலை உற்பத்தி கூடியது. 10 முதல் 50 கிலோமீட்டர் தள்ளியிருந்த மாவட்டங்களில் அந்த உயர்வு தென்படவில்லை. சாலையின் பயன் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவுவதில்லை, அதற்கு ஓர் எல்லை உண்டு என்பது அப்போதே தெரிந்துவிட்டது. எனக்கு முக்கியமான எல்லையோ கிலோமீட்டரில் இல்லை, மீட்டரில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கிராமச் சாலைகளுக்கு வருவோம். 2000 டிசம்பர் 25 அன்று ஒன்றிய அரசு பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் விளைவை ஆறு மாநிலக் கிராமங்களில் ஆராய்ந்த சாம் ஆஷர், பால் நொவோசாட் இருவரின் கட்டுரை 2020இல் வெளியானது. தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை; ஆனாலும் முடிவு நமக்கும் பாடம். சாலை வந்த கிராமங்களில் விவசாய வேலையை விட்டு வேறு வேலைக்குப் போனவர்கள் கணிசமாகக் கூடினார்கள். ஆனால் நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் விளைச்சலிலோ, வருமானத்திலோ, வீட்டுச் சொத்திலோ பெரிய மாற்றம் இல்லை. சுருக்கமாகச் சொன்னால், சாலை தொழிலாளியை வெளியே கூட்டிக்கொண்டு போனது. வளத்தை உள்ளே கூட்டி வரவில்லை.

இதைப் படித்துவிட்டு ‘அப்படியானால் கிராமத்துச் சாலை வீண்செலவு’ என்று முடிவு கட்டுகிறவர்கள் கூலிக்காரர் வீட்டில் பிறந்திருக்க மாட்டார்கள். ஆண்டையின் வயலைவிட்டு வெளியே போக முடிவது எங்களுக்குச் சின்ன விஷயம் அல்ல. பஸ் ஏறி நகரத்துக்குப் போய்ச் சித்தாளாக நின்றால், ஊரில் கூலி கொடுக்கிறவர் ‘வா’ என்று கூப்பிட்டு ‘எவ்வளவு கேட்கிறாய்’ என்று பேச வேண்டி வருகிறது. அதே ஆய்வாளர்கள் அஞ்சலி அதுகியாவுடன் சேர்ந்து செய்த இன்னோர் ஆய்வில், சாலை வந்த கிராமங்களில் நடுநிலைப் பள்ளிச் சேர்க்கை கூடியதும் தெரிந்தது. வெளியே வேலை இருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளை பள்ளியில் நிற்கிறது. சாலை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெளியே போகும் வழியாக மட்டும் அது ஏன் நின்றுவிடுகிறது என்பதே கேள்வி.

இணைக்கப்பட்ட குடியிருப்பு

கிராமச் சாலைத் திட்டத்தின் விதிகளில் ஒரு வரையறை இருக்கிறது. சமவெளியில் 500 பேரும், மலை, பழங்குடிப் பகுதிகளில் 250 பேரும் வாழும் குடியிருப்புகளுக்குச் சாலை உண்டு. ஆனால் எது ‘இணைக்கப்படாத குடியிருப்பு’? எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற சாலையிலிருந்தோ, ஏற்கெனவே சாலை பெற்ற குடியிருப்பிலிருந்தோ குறைந்தது 500 மீட்டர் தள்ளி இருப்பதுதான். அதற்குள் இருந்தால் அது இணைக்கப்பட்டதாகவே கணக்கு.

விதியை எழுதியவர் பொறியாளர். அவர் கண்ணுக்கு 500 மீட்டர் நடக்கிற தூரம். தமிழ்நாட்டுக் கிராமத்தைத் தெரிந்தவருக்கு அது வேறொன்றைக் காட்டும். ஊருக்கும் சேரிக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், ஆனால் தொட முடியாத தூரத்தில்தான் சேரியை வைத்தார்கள். நாற்று நட ஆள் வேண்டும்; காற்று மட்டும் அந்தப் பக்கமிருந்து வரக்கூடாது. அப்படி வகுத்த தூரம் பெரும்பாலான இடங்களில் அரை கிலோமீட்டரைத் தாண்டாது. ஊருக்குச் சாலை வந்ததும் சேரிக்கும் வந்துவிட்டதாகப் புள்ளிவிவரம் சொல்லிவிடும். மனுதர்மம் வகுத்த இடைவெளியை ஒரு தொழில்நுட்ப வரையறை தெரியாமலேயே விழுங்கிவிடுகிறது.

நான் பிறந்த தெருவும் அப்படிப்பட்ட ‘இணைக்கப்பட்ட குடியிருப்பு’தான். தார்ச்சாலை ஊரின் பிள்ளையார் கோயிலோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் வண்டிப்பாதை. ஐப்பசி மழையில் அது வாய்க்கால். பஸ் ஸ்டாப் ஊருக்குள் இருக்கும். நூறு நாள் வேலைக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற எங்கள் தெருப் பெண்கள் அங்கே போய்த்தான் நிற்க வேண்டும். நிழற்குடையில் உட்கார முடியாது, ஓரமாக நிற்கலாம். கேஸ் சிலிண்டர் வண்டி கோயிலோடு திரும்பிவிடும். அதிலிருந்து வீடுவரை சிலிண்டர் தலையிலும் சைக்கிள் கேரியரிலும் வரும். எருமை வைத்திருக்கிறவர் தீவனத்தையும், தையல் மிஷின் வைத்திருக்கிறவர் துணி மூட்டையையும் அப்படித்தான் கொண்டு வருவார்கள். ஆய்வுக்காக நான் போய்ப் பார்த்த கிராமங்களிலும் விவரம் மாறியது, கதை மாறவில்லை.

போக்குவரத்துச் செலவைப் பற்றி எழுதுகிற பொருளாதாரம் சென்னைக்கும் திருச்சிக்கும் இடையில் லிட்டர் கணக்கில் டீசலை எண்ணும். கடைசி 500 மீட்டரைத் தலைச்சுமையாகக் கடக்கிறவரின் உழைப்பு எந்த ஏட்டிலும் ஏறாது. அந்த உழைப்புக்குக் கூலி கிடையாது என்பதால் செலவும் கிடையாது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இது ஒரு மாநிலத்தின் குறை மட்டுமல்ல. ஆஷர், நொவோசாட் உள்ளிட்ட குழு நாடு முழுவதும் ஏறத்தாழ 15 லட்சம் குடியிருப்புப் பகுதிகளை எடுத்து ஆராய்ந்தபோது, பட்டியல் சாதியினரும் இஸ்லாமியரும் செறிந்து வாழும் பகுதிகளில் பள்ளி, மருத்துவமனை, குடிநீர், கழிவுநீர் போன்ற அரசு வசதிகள் குறைவாக இருப்பது தெரிந்தது. ஒரு மாவட்டத்தையோ நகரத்தையோ மொத்தமாகப் பார்த்தால் இந்த ஏற்றத்தாழ்வு மறைந்துவிடும். தெரு அளவில் இறங்கினால்தான் கண்ணில் படும். 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் சொல் போன பிறகும் வண்டிப்பாதை அப்படியே கிடந்தால், எந்தத் தெரு எது என்று மழைக்காலம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரே சாலை, இரண்டு கட்டணம்

என் துறையில் நடந்த ஒரு கருத்தரங்கில் இதைப் பேசியபோது மூத்த பேராசிரியர் ஒருவர், “தாருக்குச் சாதி தெரியுமா தம்பி?” என்று கேட்டார். அரங்கம் சிரித்தது. நியாயமான கேள்விதான். தாருக்குத் தெரியாது. அதில் யார் எவ்வளவு செலவில், எவ்வளவு அச்சத்தில் பயணம் செய்கிறார்கள் என்பதைத் தீர்மானிக்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

1901இல் சிறுவன் அம்பேத்கர், அண்ணனோடும் அக்காள் மகன்களோடும் அப்பாவைப் பார்க்க சாத்தாராவிலிருந்து கோரேகானுக்குக் கிளம்பினார். மசூர் ரயில் நிலையத்தில் இறங்கியதும், மகார் பிள்ளைகள் என்று தெரிந்து எந்த வண்டிக்காரரும் ஏற்றிக்கொள்ளவில்லை. கடைசியில் இரட்டைக் கட்டணம் கொடுத்து, வண்டியையும் பிள்ளைகளே ஓட்டிக்கொண்டு போகலாம் என்று பேரம் முடிந்தது. இதை நாம் தீண்டாமைக் கொடுமையாகப் படிக்கிறோம். பொருளாதார மாணவனாக நான் அதில் இன்னொன்றையும் படிக்கிறேன். அதே நாள், அதே சாலை, அதே மாடு. ஒரு சாதிக்கு ஒரு கட்டணம். இன்னொரு சாதிக்கு இரண்டு கட்டணம், கூடவே ஓட்டுகிற வேலையும். சாலையின் ‘போக்குவரத்துச் செலவு’ என்று ஒற்றை எண்ணைப் போடுகிற எந்தச் சூத்திரமும் இந்த நாட்டுக்குப் பொருந்தாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சாலை உரிமைக்கான போராட்டங்களை நாம் சுயமரியாதைப் போராட்டங்களாகக் கொண்டாடுகிறோம். அவை பொருளாதாரப் போராட்டங்களும்தான். 1893இல் அய்யன்காளி வில்லுவண்டியில் ஏறித் திருவிதாங்கூரின் பொதுச்சாலையில் போனார். வண்டி என்பது சுமை, சந்தை, வருமானம். புலையர் வண்டியில் போனால் சந்தைக்கும் போவார் என்று தடுத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1924 மார்ச் 30 அன்று தொடங்கிய வைக்கம் போராட்டம் கோயிலுக்குள் நுழைவதற்காக நடக்கவில்லை. கோயிலைச் சுற்றிய சாலைகளில் நடப்பதற்காக நடந்தது. அதே 1924இல் சென்னை சட்ட மேலவையில் இரட்டைமலை சீனிவாசன், பொதுச்சாலைகளிலும் தெருக்களிலும் கிணறுகளிலும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு உள்ள உரிமையை அரசு அறிவிக்க வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு கிணறு, குளம், படித்துறையோடு சாலையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது இந்த வரலாற்றின் பலன்.

2015இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டபோது, பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பதும், செருப்பு அணிவதைத் தடுப்பதும் தனியாகக் குற்றங்களாகச் சேர்க்கப்பட்டன. நடக்காத ஒன்றைத் தடுக்க நாடாளுமன்றம் சட்டம் எழுதாது.

நம் மாநிலத்து நினைவுகளையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். 1997இல் ஓர் அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததற்காக அந்தப் பேருந்தில் ஏற மாட்டோம் என்றார்கள் ஆதிக்க சாதியினர். கலவரம் வெடித்தது. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களின், மாவட்டங்களின் தலைவர் பெயர்களையும் அரசு நீக்கியது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் ஏறத்தாழ 600 மீட்டர் நீளச் சுவர் தலித் மக்களின் வழியை மறித்து நின்றது. 2008 மே 6 அன்று அதில் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. எதிர்த்தவர்கள் ஊரையே காலி செய்துவிட்டுப் போனார்கள். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே, சுடுகாட்டுக்குப் போகும் வழி அடைபட்டிருந்ததால் ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் அருகே, தேர்வெழுதப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த ஒரு தலித் மாணவனை இறக்கி விரல்களை வெட்டினார்கள்.

அந்த மாணவனின் ஊருக்குச் சாலை இருந்தது. பஸ்ஸும் இருந்தது. இணைப்பு பற்றிய எந்த அட்டவணையிலும் அவன் ஊருக்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். ஆனால் அந்த வழியில் பள்ளிக்குப் போக வேண்டிய அடுத்த தலித் பிள்ளையின் அம்மா அன்றிரவு என்ன யோசித்திருப்பார்? பிள்ளையைத் தூரத்துப் பள்ளிக்கோ ஐ.டி.ஐ.க்கோ அனுப்பலாமா, வேண்டாமா? அந்தத் தயக்கத்தில் ஒரு பொறியாளரை, ஒரு செவிலியரை, ஒரு மெக்கானிக்கை இந்த வட்டாரம் இழக்கிறது. உற்பத்தித்திறன் என்று பெரிய சொல்லில் பேசுவது கடைசியில் இதைத்தான்.

சாலையோரம் யாருடையது?

இந்தத் தடைகள் எல்லாம் நீங்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம். அப்போதும் இன்னொரு கதவு மூடியே இருக்கிறது. சாலை புதிதாக உருவாக்கும் செல்வத்தில் பெரும்பங்கு அதன் ஓரத்து நிலத்தில்தான் தங்குகிறது. நேற்றுவரை சென்ட் சில ஆயிரத்துக்குப் போன புஞ்சை, நான்குவழிச் சாலை வந்ததும் லட்சங்களுக்கு ஏறுகிறது. அங்கே கல்யாண மண்டபம், பெட்ரோல் பங்க், லாரி ஷெட், சிமென்ட் கடை, தாபா, பிளாட் போட்ட நகர். நிலம் வைத்திருந்தவருக்கு உழைப்பே இல்லாமல் முதல் கிடைக்கிறது. அந்த முதலில் இருந்து கடை, கடையில் இருந்து கடன் வசதி, அதிலிருந்து அடுத்த தொழில்.

நிலம் யாரிடம்? 2011 கணக்கெடுப்பின்படி நாட்டு மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் 20 விழுக்காடு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சாகுபடி நிலப்பரப்பில் அவர்கள் கையில் இருப்பது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. அந்தக் குறைந்த நிலமும் பெரும்பாலும் மெயின்ரோட்டின் மேல் இருப்பதில்லை. தொழில் யாரிடம்? லட்சுமி ஐயர், தருண் கன்னா, அசுதோஷ் வர்ஷ்னி மூவரும் பொருளாதாரக் கணக்கெடுப்புகளை ஆராய்ந்து 2013இல் எழுதியதன்படி, 2005இல் நாட்டின் தொழில் நிறுவனங்களில் பட்டியல் சாதியினருக்குச் சொந்தமானவை 9.8 விழுக்காடு மட்டுமே. 1990இலிருந்து 2005வரை இந்த இடைவெளி மிகக் கொஞ்சமே குறைந்தது. தாராளமயத்தின் முதல் பதினைந்து ஆண்டுகள், தங்க நாற்கரச் சாலை போடத் தொடங்கிய ஆண்டுகள் அவை.

நிலமே இல்லாத கதையும் அல்ல இது. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமன்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென பஞ்சமி நிலம் ஒதுக்க உத்தரவானது. சென்னை மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. அதை மற்றவர்கள் வாங்கக்கூடாது என்பது நிபந்தனை. இன்று அதில் எவ்வளவு உரியவர் கையில் இருக்கிறது? 1994 அக்டோபரில் செங்கல்பட்டு மாவட்டம் காரணையில் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டார்கள். சென்னையைச் சுற்றி நெடுஞ்சாலைகளும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் நிலவிலையை ஏற்றிக்கொண்டே போன வட்டாரம் அது. சாலை வரப்போகிறது என்ற செய்தி முதலில் நிலத்தரகரிடம் போகிறது. பட்டா தொலைந்தவரிடம் கடைசியில் வருகிறது.

நிலத்தை எடுக்கும்போதும் இதே சாய்வு. 277 கிலோமீட்டர் சென்னை-சேலம் எட்டுவழிச் சாலைக்கு எதிரான போராட்டத்தை நாம் ஆதரித்தோம். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நிலம் எடுப்பு அறிவிப்புகளை ரத்து செய்தது, 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அரசு மீண்டும் தொடங்க வழிவிட்டது. அந்த நாட்களில் தொலைக்காட்சியில் பேசியவர்கள் பெரும்பாலும் நிலம் இழக்கப்போகிற விவசாயிகள். அந்த வயலில் கூலிக்குப் போனவர்களின் முகம் வந்ததா? 2013 நிலம் எடுப்புச் சட்டம், அந்த நிலத்தில் மூன்று ஆண்டுகள் வேலை செய்து பிழைத்த கூலிக் குடும்பத்தையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக ஏற்கிறது. ஆனால் கூலி கொடுத்ததற்கு யார் ரசீது எழுதினார்கள்? நிலத்துக்குப் பத்திரம் உண்டு. களையெடுத்ததற்குப் பத்திரம் கிடையாது.

இழப்பு யாருக்கு?

இதைத் தலித் மக்களின் தனிக் குறையாக மட்டும் பார்க்கிறவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். 1960க்கும் 2010க்கும் இடையில் அமெரிக்காவில் தலைக்கு உயர்ந்த உற்பத்தியில் 20 முதல் 40 விழுக்காடு, கறுப்பின மக்களும் பெண்களும் முன்பு அடைபட்டிருந்த தொழில்களுக்குள் வர முடிந்ததன் விளைவு என்று ஷே, ஹர்ஸ்ட், ஜோன்ஸ், கிளெனோ என்ற நான்கு பொருளாதார அறிஞர்கள் 2019இல் மதிப்பிட்டார்கள். திறமை உள்ளவரை வாசலில் நிறுத்தினால் வாசலுக்குள் இருக்கிறவரும் ஏழையாகிறார் என்பது இதன் பொருள். சாதி ஒரு பொருளாதார ஏற்பாடாகவும் திறனற்றது என்று அம்பேத்கர் 1936இலேயே வாதிட்டார். அதை எண்களில் பார்க்க நம் பல்கலைக்கழகங்கள் இன்னும் முயலவில்லை. சாதிவாரிக் கணக்கெடுப்பைக் கேட்கிற நாம், அது இடஒதுக்கீட்டு விழுக்காட்டுக்கு மட்டுமே தேவை என்பதுபோலப் பேசுவதை நிறுத்த வேண்டும். எந்தத் தெருவில் தார் முடிகிறது என்று காட்டவும் அது தேவை.

‘பொதுவாகச் சாலை போடுங்கள், பயன் எல்லோருக்கும் தானே வரும்’ என்ற வாதத்துக்கு என் பதில் தமிழ்நாட்டின் அனுபவத்திலேயே இருக்கிறது. இந்த மாநிலத்தில் சாலையை மக்களுடையதாக்கியது தார் மட்டுமல்ல. 1970களில் பேருந்துகளை அரசுடைமையாக்கியது, 1997இல் மினி பஸ் விட்டது, 2021 மே மாதம் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணத்தை நீக்கியது: இவையெல்லாம் ‘தானே வரும்’ என்று காத்திருக்காமல் அரசு எடுத்த முடிவுகள். கட்டணமில்லாப் பயணத்தால் முதலில் அசைந்தது கூலி வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிற பெண்களின் நாள்கணக்கு. அதே துணிவோடு இன்னும் சில முடிவுகள் வேண்டும்.

முதலாவது, அளவுகோலை மாற்ற வேண்டும். ‘கிராமம் இணைக்கப்பட்டதா’ என்று கேட்காமல், ஒவ்வொரு சேரியின் கடைசி வீட்டிலிருந்து தார்ச்சாலைக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் எத்தனை மீட்டர் என்று அளந்து, ஊராட்சிவாரியாகப் பட்டியலை வெளியிட வேண்டும். ஒன்றிய அரசின் 500 மீட்டர் வரையறை மாநில நிதியைக் கட்டுப்படுத்தாது. 2024இல் நிறைவேறிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தின் நிதியை இதற்கு நேரடியாகச் செலவிடலாம். பொதுச்சாலைச் செலவில் ஒரு பங்கை எங்கள் கணக்கில் எழுதிவைக்கும் பழைய தந்திரம் மட்டும் வேண்டாம்.

இரண்டாவது, பஸ் எங்கே நிற்கிறது, எங்கே திரும்புகிறது என்பது சாதிக் கேள்வி என்று போக்குவரத்துத் துறை ஒத்துக்கொள்ள வேண்டும். ஊருக்குள் திரும்புகிற பஸ், சேரியில் போய்த் திரும்பினால் என்ன குறைந்துவிடும்?

மூன்றாவது, சாலையோரத்தில் பங்கு. பெட்ரோல் பங்க் ஒதுக்கீட்டில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 22.5 விழுக்காடு ஏற்கெனவே இருக்கிறது. ஆக, சாலையோர வணிகத்தில் இடஒதுக்கீடு என்பது கேள்விப்படாத ஒன்றல்ல. பேருந்து நிலையக் கடைகள், வாரச்சந்தைக் கடைகள், ஊராட்சி வணிக வளாகங்கள் எல்லாம் அரசுச் சொத்துகள். அவற்றில் யார் கையில் எத்தனை கடை என்று வெளியிட்டு, மக்கள்தொகைப் பங்குக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும். அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மானியம் தருகிறார்கள். மானியத்தை வாங்கிக்கொண்டு கடையை எங்கே போடுவது? சேரிக்குள் போட்டால் ஊர் வந்து வாங்காது. மெயின்ரோட்டில் வாடகைக்கு இடம் கேட்டால் முதலில் சாதியைக் கேட்பார்கள்.

நான்காவது, சாலை போடுகிற ஒப்பந்தம். கொதிக்கிற தாரை ஊற்றுகிறவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். டெண்டர் எடுக்கிறவர் யார் என்பதும் தெரியும். கர்நாடகம் குறிப்பிட்ட தொகைவரையிலான அரசுப் பணி ஒப்பந்தங்களில் பட்டியல் சாதியினருக்கு 17.15 விழுக்காடும் பழங்குடியினருக்கு 6.95 விழுக்காடும் சட்டம் போட்டு ஒதுக்கியது. சமூகநீதியின் தாயகம் என்று பேசும் மாநிலம் பக்கத்து மாநிலத்திடம் இதைக் கற்றுக்கொள்வதில் அவமானம் இல்லை.

ஐந்தாவது, நெடுஞ்சாலைகளின் இருபுறமும் உள்ள பஞ்சமி நிலங்களை முதலில் அளந்து வெள்ளை அறிக்கை வெளியிட வேண்டும். விலை ஏறிய இடத்தில்தான் ஆக்கிரமிப்பும் ஏறியிருக்கும். மீட்பும் அங்கிருந்தே தொடங்கட்டும்.

இதைப் படிக்கிற இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். இதற்கு அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் கையில் இருக்கும் செல்போனிலேயே தூரத்தை அளக்க முடியும். உங்கள் ஊராட்சியில் தார் எங்கே முடிகிறது, பஸ் எங்கே நிற்கிறது, மெயின்ரோட்டுக் கடைகள் எத்தனை, அவற்றில் தலித்துகள் நடத்துவது எத்தனை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பாருங்கள். எண்ணியதைக் கிராம சபையில் எழுதிக் கொடுங்கள். தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். மறுத்தால், மறுத்ததைப் பதியச் சொல்லுங்கள். சாலையில் நடப்பதற்காக நம் முன்னோர்கள் சிறைக்குப் போனார்கள். அந்தச் சாலை உருவாக்கும் செல்வத்தில் பங்கு கேட்பது நம் தலைமுறையின் வேலை.